தண்டர்பேர்டில் மெயிலும் முகவரியும் காணாமல் போனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலில் மெயில் தொலைந்துவிட்டது என்று தோன்றும்போது, பெரும்பாலும் அது வட்டில் அப்படியேதான் இருக்கும். நிரல் தேடும் இடம் மாறியிருக்கும். இல்லாவிட்டால் அட்டவணைக் கோப்பு கெட்டிருக்கும். உண்மையான இழப்பு வருவது அதற்கு அப்புறம்தான்: பதற்றத்தில் கணக்கை நீக்குவது, ஃபோல்டரை கம்பாக்ட் செய்வது (அழித்த மெயில்கள் பிடித்திருக்கும் இடத்தை விடுவிக்கும் வேலை), பழைய பேக்கப்பை இருப்பதன் மேலேயே கொட்டுவது. ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறி உங்களுடையதாக இருந்தாலும், முதல் பகுதியை முடிக்காமல் மற்றதில் கை வைக்காதீர்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்

ஹெல்ப் → டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறங்கள். மெனு வரிசை தெரியாவிட்டால் ஆல்ட் விசையை ஒருமுறை தட்டினால் வரும். அந்தப் பக்கத்தில் "புரொஃபைல் ஃபோல்டர்" என்ற வரிக்கு எதிரே "ஓப்பன் ஃபோல்டர்" பொத்தான் இருக்கும். அது திறக்கும் ஃபோல்டரில்தான் உங்கள் மெயில், முகவரிகள், கடவுச்சொற்கள், ஃபில்டர்கள் அனைத்தும் இருக்கின்றன. கீழே புரொஃபைல் என்று சொல்வது இந்த ஃபோல்டரைத்தான்.

இப்போது தண்டர்பேர்டை மூடுங்கள். ஜன்னல் மறைந்தால் போதாது. டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் மறைகிற வரை காத்திருங்கள். பிறகு ஃபோல்டர் முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுங்கள். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது. முகவரிப் புத்தகமும் தேடல் அட்டவணையும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வகைக் கோப்புகள். பாதி எழுதிய நிலையில் நகலெடுத்தால் திரும்பத் திறக்காமல் போகலாம்.

உள்ளே "மெயில்", "ஐமேப்மெயில்" என்று இரண்டு ஃபோல்டர்களைப் பார்ப்பீர்கள். பாப் கணக்குகளும் (மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்பவை) லோக்கல் ஃபோல்டர்ஸும் (கணினியில் மட்டும் இருப்பவை) முதலாவதில், ஐமேப் கணக்குகள் (மெயிலின் மூலம் சர்வரிலேயே இருப்பவை) இரண்டாவதில். ஒவ்வொரு மெயில் ஃபோல்டருக்கும் ஜோடியாக இரண்டு கோப்புகள் உண்டு. பின்னொட்டு எதுவும் இல்லாமல் வெறும் "இன்பாக்ஸ்" என்று இருப்பது எம்பாக்ஸ் கோப்பு. எல்லா மெயில்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் எழுதப்பட்டிருக்கும். அதே பெயரோடு எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டு கொண்டது வெறும் அட்டவணை. எம்எஸ்எஃப் அழிந்தால் நிரல் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். எம்பாக்ஸ் அழிந்தால் மெயிலே போயிற்று. கீழே வரும் பாதி வேலைகள் இந்த வேறுபாட்டை நம்பித்தான் நடக்கின்றன.

## நிரலைத் திறந்தால் எல்லாம் காலி, புதிதாகக் கணக்கு அமைக்கச் சொல்கிறது

அமைக்காதீர்கள். அந்த ஜன்னலை மூடிவிடுங்கள். நிரல் வேறொரு புரொஃபைலில் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பதிப்பு 68 முதல் தண்டர்பேர்ட், நிறுவப்பட்ட இடம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புரொஃபைல் வைத்துக்கொள்கிறது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறினாலும், வேறு ஃபோல்டரில் நிறுவினாலும், பீட்டாவைப் போட்டாலும் புதுப் புரொஃபைல் ஒன்று வெறுமையாகப் பிறக்கலாம். லினக்ஸில் டெப் தொகுப்பிலிருந்து ஸ்னாப்புக்கோ ஃபிளாட்பேக்குக்கோ (நிரலை நிறுவும் வெவ்வேறு தொகுப்பு வகைகள்) மாறும்போதும் இதே கதை. உபுண்டு 24.04-இல் தண்டர்பேர்ட் ஸ்னாப்பாகவே வருகிறது. ஸ்னாப் தன் புரொஃபைலை ஹோமுக்குள் "ஸ்னாப்" என்ற ஃபோல்டரில் வைக்கும்; ஃபிளாட்பேக் மறைவான "வார்" ஃபோல்டருக்குள் "ஆப்" என்பதன் கீழ் வைக்கும்; பழைய டெப் தொகுப்பு ஹோமில் மறைவான "தண்டர்பேர்ட்" ஃபோல்டரில் வைத்திருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்ட கன்ட்ரோல் + எச் அழுத்துங்கள்.

செய்ய வேண்டியது இது. டிரபிள்ஷூட்டிங் பக்கத்தில் "புரொஃபைல்ஸ்" வரியில் உள்ள இணைப்பைச் சொடுக்கினால் எல்லாப் புரொஃபைல்களும் பட்டியலாக வரும். ஒவ்வொன்றின் "ரூட் டைரக்டரி"யையும் திறந்து அளவைப் பாருங்கள். சில மெகாபைட் மட்டும் இருப்பது புதிது. கிகாபைட் கணக்கில் இருப்பது உங்களுடையது. அதற்கு "செட் ஆஸ் டிஃபால்ட் புரொஃபைல்" கொடுத்து நிரலை மூடித் திறங்கள்.

பழைய ஃபோல்டர் பட்டியலிலேயே இல்லையென்றால் "கிரியேட் எ நியூ புரொஃபைல்" → "சூஸ் ஃபோல்டர்" வழியாகப் போய் அந்த ஃபோல்டரையே காட்டுங்கள். ஏற்கனவே உள்ளதை அழிக்காமல் அதையே பயன்படுத்தும். ஆனால் பின்னால் எப்போதாவது இந்தப் பட்டியலிலிருந்து ஒரு புரொஃபைலை நீக்கும்போது "டிலீட் ஃபைல்ஸ்" என்பதைத் தவிர்த்து "டோன்ட் டிலீட் ஃபைல்ஸ்" என்பதையே அழுத்துங்கள். முன்னதை அழுத்தினால் அந்த ஃபோல்டர் வட்டிலிருந்தே போய்விடும்.

"நீங்கள் பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள்" என்ற பொருளில் எச்சரிக்கை வந்தால், புரொஃபைல் புதிய பதிப்பால் தொடப்பட்டது, நிரல் அதைவிடப் பழையது. அங்கே புதுப் புரொஃபைல் உண்டாக்காமல் வெளியே வந்து, நிரலைப் புதுப்பியுங்கள். பழைய பதிப்பை வற்புறுத்தித் திறந்தால் முகவரிப் புத்தகம் போன்றவை கெட வாய்ப்பு உண்டு.

## "ஏற்கனவே ஓடுகிறது, ஆனால் பதில் தரவில்லை" என்று சொல்கிறது

டாஸ்க் மேனேஜரில் தண்டர்பேர்டை முடித்துவிட்டுத் திறங்கள். அப்போதும் சொன்னால் புரொஃபைலில் "பேரன்ட் லாக்" என்ற கோப்பை நீக்குங்கள். புரொஃபைலை கிளவுட் ஒத்திசைவு ஃபோல்டருக்குள் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஒத்திசைவு நிரல் கோப்புகளைப் பிடித்துக்கொள்கிறது. ஓடுகிற புரொஃபைலை அங்கே வைக்கவே வேண்டாம். பேக்கப் நகலை மட்டும் வையுங்கள்.

## ஒரு ஃபோல்டர் மட்டும் காலி, அல்லது தலைப்பைச் சொடுக்கினால் வேறு மெயில் திறக்கிறது

முதலில் திரைக்கு மட்டும் உரிய காரணங்களைக் கழித்துவிடுங்கள். குவிக் ஃபில்டர் பட்டையில் குண்டூசிப் படம் அழுத்தப்பட்டிருந்தால், ஒரு ஃபோல்டரில் போட்ட ஃபில்டர் எல்லா ஃபோல்டருக்கும் தொடரும். "படிக்காதவை மட்டும்" என்ற பொத்தான் அழுந்திக் கிடப்பதே பல "காணாமல் போன" மெயில்களின் ரகசியம். வியூ மெனுவிலும் "அன்ரெட்" தேர்வாகியிருக்கலாம். ஐமேப் கணக்கில் முழு ஃபோல்டரே தெரியவில்லை என்றால் கணக்கின் மேல் வலது சொடுக்கி "சப்ஸ்கிரைப்" பட்டியலில் டிக் இருக்கிறதா பாருங்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தால் எம்பாக்ஸ் கோப்பின் அளவைப் பாருங்கள். 800 எம்பி இருக்கிறது, பட்டியலில் ஒன்றும் இல்லை என்றால் கெட்டது அட்டவணை. ஃபோல்டரில் வலது சொடுக்கு → "பிராப்பர்ட்டீஸ்" → "ரிப்பேர் ஃபோல்டர்". இது எம்எஸ்எஃப் கோப்பைத் தூக்கிவிட்டு எம்பாக்ஸைப் படித்துப் புதிதாகக் கட்டும். நிரல் திறக்கவே மறுத்தால், மூடிய நிலையில் அந்த எம்எஸ்எஃப் கோப்பை நீங்களே நீக்கலாம், பலன் ஒன்றுதான். படித்தது, படிக்காதது, டேக் போன்ற அடையாளங்கள் மெயிலின் தலைப்பு வரிகளிலேயே எழுதப்பட்டிருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். வரிசைப்படுத்திய முறையும் நெடுவரிசை அமைப்பும் மட்டும் பழைய நிலைக்குப் போகலாம்.

ஒரு முக்கியமான விலக்கு: மேலே சொன்னது பாப் கணக்குக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸுக்கும்தான் கவலையின்றிப் பொருந்தும். ஐமேப் ஃபோல்டரில் ரிப்பேர் கொடுத்தால் நிரல் கணினியில் உள்ளதைக் கழித்துவிட்டு சர்வரிலிருந்து மறுபடி இறக்கும். சர்வரில் மெயில் இல்லையென்றால் கணினியில் இருந்த ஒரே நகலும் போகும். எனவே ஐமேப்பில் சந்தேகம் வந்தால், நிரல் மூடியிருக்கும்போது அந்த எம்பாக்ஸ் கோப்பை மட்டும் எடுத்து, "மெயில்" ஃபோல்டருக்குள் உள்ள "லோக்கல் ஃபோல்டர்ஸ்"-இல் வேறு பெயரில் ஒட்டுங்கள். எம்எஸ்எஃப் வேண்டாம். நிரலைத் திறந்தால் லோக்கல் ஃபோல்டர்ஸின் கீழ் அது ஒரு ஃபோல்டராக நிற்கும். பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் மீட்பதற்கும் இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

## தவறுதலாக அழித்த மெயில், குப்பையையும் காலி செய்தாயிற்று

பாப் அல்லது லோக்கல் ஃபோல்டர் என்றால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. ஒரே நிபந்தனை: அதற்குப் பிறகு கம்பாக்ட் நடந்திருக்கக் கூடாது. நீங்கள் டிலீட் அழுத்தும்போது நிரல் மெயிலை எம்பாக்ஸிலிருந்து வெட்டி எடுப்பதில்லை. "அழிக்கப்பட்டது" என்று ஒரு குறியை மட்டும் போட்டு மறைக்கிறது. டிராஷுக்குப் போனது இன்னொரு நகல். இன்பாக்ஸில் இருந்த மூலம் கம்பாக்ட் வரை அங்கேயே கிடக்கும்.

நிரலை மூடி, எம்பாக்ஸின் நகலை எடுத்துக்கொண்டு, பெரிய கோப்புகளைத் திறக்கக்கூடிய வெற்று எழுத்துத் திருத்தியில் அந்த நகலைத் திறங்கள். வேர்டு போன்றவை வேண்டவே வேண்டாம். மெயிலின் பொருளில் உள்ள ஒரு சொல்லைத் தேடுங்கள். தமிழ்த் தலைப்புகள் கோப்பில் வேறு குறிகளாக மாற்றி எழுதப்பட்டிருப்பதால் அப்படியே கிடைக்காது. அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியைத் தேடுவது நல்லது. அந்த மெயிலின் தொடக்கத்தில் "எக்ஸ்-மோசில்லா-ஸ்டேட்டஸ்" என்ற தலைப்பு வரியும் அதன் எதிரே நான்கு இலக்கமும் இருக்கும். 0009 என்றால் படித்துவிட்டு அழித்தது: அதை 0001 ஆக்குங்கள். 0008 என்றால் படிக்காமல் அழித்தது: 0000 ஆக்குங்கள். அடுத்த வரியில் இதே பெயர் 2 என்ற எண்ணோடு வரும், அதைத் தொடக் கூடாது. இலக்கங்களின் எண்ணிக்கையும் மாறக் கூடாது. சேமித்து, மேலே சொன்னபடி லோக்கல் ஃபோல்டர்ஸில் புதுப் பெயரில் வைத்துத் திறங்கள். மெயில் திரும்ப வந்திருக்கும்.

இதனால்தான் அழித்ததைத் தேடும்போது கம்பாக்ட் கேள்வி திரையில் வந்தால் மறுத்துவிட வேண்டும். செட்டிங்ஸ் → ஜெனரல் பக்கத்தில் வட்டு இடம் பற்றிய பகுதியில் தானாக கம்பாக்ட் செய்யும் அளவு இருக்கும். புதிய பதிப்புகளில் 200 எம்பி மிச்சமாகும் என்றால் அது ஓடும். மீட்பு முடியும் வரை அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

## ஆயிரக்கணக்கில் அழித்தும் வட்டில் இடம் கூடவில்லை

காரணம் மேலே சொன்னதேதான். வேண்டாதது உண்மையிலேயே வேண்டாததுதான் என்று உறுதியானபின் ஃபைல் → "கம்பாக்ட் ஃபோல்டர்ஸ்". கம்பாக்ட், ஃபோல்டரின் உயிருள்ள மெயில்களை ஒரு தற்காலிகக் கோப்பில் புதிதாக எழுதி, முடிந்தபின் பழையதை மாற்றுகிறது. ஆகவே உங்கள் மிகப் பெரிய ஃபோல்டரின் அளவுக்காவது வட்டில் காலியிடம் வேண்டும். அது ஓடும்போது ஆன்டிவைரஸ் குறுக்கிட்டாலோ மின்சாரம் போனாலோ "என்எஸ்டிஎம்பி" என்று தொடங்கும் அரைகுறைக் கோப்புகள் மிஞ்சும். நிரலை மூடி, மூல ஃபோல்டர் முழுதாக இருப்பதைப் பார்த்தபின் அவற்றை நீக்கலாம்.

ஆன்டிவைரஸை இந்த விஷயத்தில் மிகவும் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு மெயிலில் வைரஸ் இருந்தால்கூட, கோப்பு அளவில் பார்க்கும் ஆன்டிவைரஸ் மொத்த இன்பாக்ஸ் கோப்பையே தனிமைப்படுத்திவிடும். இன்பாக்ஸ் ஒரே இரவில் காலியாகி எம்பாக்ஸும் வட்டில் இல்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது ஆன்டிவைரஸின் குவாரன்டைன் பட்டியலை. அங்கிருந்து மீட்டபின் புரொஃபைல் ஃபோல்டரை அதன் விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

பழைய பதிப்புகளில் ஒரு ஃபோல்டர் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. இப்போது அந்த வரம்பு இல்லை. இருந்தாலும் இன்பாக்ஸைச் சேமிப்புக் கிடங்காக்காமல் ஆண்டுவாரியாகப் பிரிப்பதே பாதுகாப்பு. ஜிமெயிலை ஐமேப்பில் வைத்திருப்பவர்கள் "ஆல் மெயில்" ஃபோல்டரை சப்ஸ்கிரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், ஒவ்வொரு மெயிலும் இரண்டு முறை இறங்குவது நிற்கும்.

## பழைய மெயில்கள் எல்லாம் மறுபடி புதிதாக இறங்குகின்றன

பாப் கணக்கில், எவற்றை ஏற்கனவே இறக்கியாயிற்று என்ற பட்டியல் அந்தக் கணக்கின் ஃபோல்டரில் "பாப்ஸ்டேட்" கோப்பில் இருக்கிறது. பேக்கப்பை மீட்கும்போது எம்பாக்ஸ் கோப்புகளை மட்டும் எடுத்து இதை விட்டுவிட்டால், சர்வரில் மிச்சமிருப்பவை அனைத்தும் இரட்டையாக வந்து விழும். பேக்கப்பிலிருந்து அதையும் எடுத்து வையுங்கள்.

## முகவரிகளில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிட்டன

அட்ரஸ் புக்கை ஏற்றுமதி செய்யும்போது கோப்பு வகைப் பட்டியலில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) இரண்டு முறை வரும்: ஒன்று "சிஸ்டம் கேரக்டர் செட்", மற்றது "யூடிஎஃப்-8" (எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் முறை). முதலாவது பல கணினிகளில் தமிழ் எழுத்துகளைத் தாங்காது. தாங்காத எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிக் கோப்பில் நிரந்தரமாக விழுந்துவிடும். அந்தக் கோப்பிலிருந்து பெயர்களை மீட்க வழியில்லை. அட்ரஸ் புக்கில் மூலம் இருக்கும்போதே யூடிஎஃப்-8 தேர்ந்து மறுபடி எடுங்கள்.

கேள்விக்குறி இல்லாமல் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, எக்செல்தான் தவறாகப் படித்திருக்கிறது. இருமுறை சொடுக்கித் திறக்காமல், டேட்டா → "ஃபிரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி" வழியாகப் போய், ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். அங்கே "டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா" கொடுத்து, திறக்கும் ஜன்னலில் தொலைபேசி எண் நெடுவரிசையை "டெக்ஸ்ட்" வகையாக மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் முன்னால் உள்ள பூஜ்ஜியமும் கூட்டல் குறியும் உதிர்ந்துவிடும். நீளமான எண்கள் அடுக்குக் குறி வடிவுக்கு மாறி, அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். திருத்தியபின் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்றே சேமியுங்கள்.

இன்னொன்று: குழுவாக அனுப்ப நீங்கள் உண்டாக்கிய மெயிலிங் லிஸ்ட்கள் சிஎஸ்வியில் வராது. அவை வேண்டுமென்றால் அதே கோப்பு வகைப் பட்டியலில் உள்ள எல்டிஃப் வடிவில் எடுக்க வேண்டும். வேறொரு தண்டர்பேர்டுக்கே கொண்டுபோவதானால் எப்போதும் எல்டிஃப்.

## முகவரிப் புத்தகம் காலி, அல்லது பழைய முகவரியே திரும்பத் திரும்ப வருகிறது

முகவரிகள் புரொஃபைலில் "ஏபுக்" என்ற எஸ்க்யூலைட் கோப்பில் இருக்கின்றன. நீங்கள் மெயில் அனுப்பியவர்களின் முகவரிகள் தானாகச் சேரும் "கலெக்டட் அட்ரசஸ்" என்பது "ஹிஸ்டரி" என்ற கோப்பில். நிரலை மூடி, பேக்கப்பிலிருந்து இந்த இரண்டையும் எடுத்து வைத்தால் திரும்பிவிடும். பழைய இடத்தில் அதே பெயரோடு "வால்" (wal) என்று முடியும் துணைக்கோப்பு இருந்தால் அதை முதலில் ஓரமாக நகர்த்துங்கள். எண்ணோடு வரும் "ஏபுக்-1" போன்றவை நீங்களே உண்டாக்கிய கூடுதல் புத்தகங்கள். புதுப் புரொஃபைலில் அவற்றை வெறுமனே ஒட்டினால் தெரியாது. டூல்ஸ் → இம்போர்ட் வழியாக எஸ்க்யூலைட் கோப்பைக் காட்டித்தான் சேர்க்க வேண்டும்.

ஒருவர் முகவரி மாறியும் தட்டச்சும்போது பழையதே முன்வந்தால், அது கலெக்டட் அட்ரசஸில் ஒளிந்திருக்கிறது. அங்கே தேடி நீக்குங்கள். கார்ட்டேவ் (முகவரிகளைச் சர்வரோடு ஒத்திசைக்கும் முறை) மூலம் இணைத்த புத்தகத்தில் மட்டும் யோசித்து நீக்குங்கள், அங்கே அழித்தால் சர்வரிலும் உங்கள் கைபேசியிலும் அழியும்.

## தேடினால் கண்முன்னே இருக்கும் மெயிலும் வரவில்லை

நிரலை மூடி, புரொஃபைலில் "குளோபல் மெசேஜஸ்" என்று தொடங்கும் கோப்பை நீக்குங்கள். மறுபடி திறந்ததும் அட்டவணை கட்டத் தொடங்கும். மெயில்கள் அதிகமென்றால் பல மணி நேரம் ஆகலாம், திறந்தே வைத்திருங்கள்.

## பேக்கப்பை மீட்டால் தலைப்புகள் மட்டும், உள்ளே ஒன்றுமில்லை

இந்த பேக்கப் எடுக்கப்பட்ட அன்றே வெறுமையாக இருந்தது. ஐமேப் கணக்கில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் → "சிங்க்ரொனைசேஷன் & ஸ்டோரேஜ்" பக்கத்தில் "கீப் மெசேஜஸ் இன் ஆல் ஃபோல்டர்ஸ் ஃபார் திஸ் அக்கவுண்ட் ஆன் திஸ் கம்ப்யூட்டர்" என்பதில் டிக் இல்லையென்றால் தலைப்புகள் மட்டுமே முழுதாகக் கணினியில் இருக்கும். டிக் இருந்தும், "சமீபத்திய இத்தனை நாள்" அல்லது "இந்த அளவுக்கு மேல் வேண்டாம்" என்ற வரம்பு போட்டிருந்தாலும் அதே ஓட்டைதான். சர்வரில் மெயில் இருக்கும் வரை இது தெரியவே தெரியாது.

வரம்புகளை எடுத்துவிட்டு ஃபைல் → ஆஃப்லைன் → "டவுன்லோட்/சிங்க் நவ்" கொடுங்கள். முடிந்ததும் அதே மெனுவில் "வொர்க் ஆஃப்லைன்" வைத்து, இணைப்பு உள்ள பல வருடப் பழைய மெயில் ஒன்றைத் திறந்து பாருங்கள். இணைப்பும் திறந்தால் உள்ளடக்கம் உங்கள் வட்டில் இருக்கிறது. அதன்பின் எடுப்பதே பேக்கப்.

டூல்ஸ் → எக்ஸ்போர்ட் புரொஃபைலை ஜிப்பாகத் தரும், ஆனால் 2 ஜிபிக்கு மேல் அந்த வழி ஆகாது. அப்போது ஃபோல்டரைக் கையால் நகலெடுப்பதுதான். கடவுச்சொற்கள் "லாகின்ஸ்", "கீ4" என்ற இரண்டு கோப்புகளில் இருக்கின்றன. ஒன்றில்லாமல் மற்றது பயன்படாது. இந்த இரண்டும் பேக்கப்பில் இருப்பதால் அதை வைக்கும் வட்டைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்வது அவசியம், அல்லது செட்டிங்ஸில் பிரைமரி பாஸ்வேர்டாவது போடுங்கள்.

## மீட்டபின் மெயில் வருகிறது, அனுப்ப முடியவில்லை

அனுப்பும் சர்வரின் அமைப்பு பெறும் சர்வரிலிருந்து தனி. அக்கவுண்ட் செட்டிங்ஸ் பட்டியலின் அடியில் "அவுட்கோயிங் சர்வர்" என்று இருக்கும். அங்கே இணைப்பின் பாதுகாப்பு முறை, போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட் டிஎல்எஸ். இரண்டையும் மாற்றிப் போட்டால் நிரல் நேரம் கடந்து தோற்கும். போர்ட் 25 பல இணைய இணைப்புகளில் தடுக்கப்பட்டிருக்கும். ஜிமெயில் போன்றவற்றுக்குப் பெறும் பக்கத்தில் ஓஆத்2 (சேவையின் சொந்த உள்நுழைவு ஜன்னல் வழியாக அனுமதி பெறும் முறை) வைத்துவிட்டு இங்கே "நார்மல் பாஸ்வேர்ட்" விட்டுவிடுவது வழக்கமான பிழை. ஓஆத்2 உள்நுழைவு ஜன்னல் திரும்பத் திரும்ப வந்தால் செட்டிங்ஸ் → பிரைவசி பக்கத்தில் குக்கீகள் அனுமதிக்கப்பட்டிருக்கின்றனவா பாருங்கள். குக்கீ இல்லாமல் அந்த உள்நுழைவு முடியாது.